வெயில் ஏறினால் விக்கும் எஞ்சின்

1906ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஓர் ஏரிக்கரையில் சில நண்பர்கள் உல்லாசமாகப் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். அவருடைய வருங்கால மனைவிக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை வந்ததாம். எவின்ரூட் துடுப்புப் போட்டு அக்கரைக்குச் சென்று வாங்கி வந்தார். கொளுத்தும் வெயிலில் திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது. படகுக்கு ஓர் எஞ்சின் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற எண்ணம் அவருக்கு அன்றுதான் உதித்தது என்று ஒரு கதை வழங்கி வருகிறது. படகின் பின்புறத்தில் மாட்டும் இத்தகைய எஞ்சினை அவருக்கு முன்பே சிலர் செய்திருந்தனர். ஆயினும் எளிதில் கையாளக்கூடிய வடிவில் அதைப் பரவலாக்கியவர் எவின்ரூட். அவர் பெயரைத் தாங்கிய எஞ்சின்களின் உற்பத்தி 2020ஆம் ஆண்டு வரை நீடித்தது.

வெயிலின் கொடுமையால் பிறந்ததாகச் சொல்லப்படும் அதே அவுட்போர்டு எஞ்சின், வெயிலில்தான் அதிகமாகத் தொல்லை தருகிறது. காலையில் சீராக ஓடும் படகு நண்பகலில் திக்குகிறது, விக்குகிறது, சில வேளைகளில் நின்றே விடுகிறது. மாலையில் மறுபடியும் ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது. விஸ்கான்சினில் வெயில் காலம் சில மாதங்கள்தான். நமக்கோ ஆண்டு முழுவதும் வெயில். போர்ட்டிக்சனிலும் ஜொகூர் நீரிணையிலும் கென்யிர் ஏரியிலும் பொழுதுபோக்குப் படகு வைத்திருப்போர் பலர் இந்தத் தொல்லையைச் சந்தித்திருப்பார்கள். இயந்திரவியல் படித்த காலத்திலிருந்தே சிறு எஞ்சின்களோடு பழகி வருபவன் என்ற முறையில், இந்த விக்கலின் காரணங்களையும் அவற்றைக் கண்டறியும் வழிமுறையையும் இக்கட்டுரையில் விளக்க விழைகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நேரங்களில் வெயில் குற்றவாளி அன்று. அது சாட்சி மட்டுமே. எஞ்சினில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் ஒரு குறையை அது வெளியே இழுத்துக் காட்டுகிறது.

காற்றின்மீது ஒரு வீண்பழி

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு அளவான எரிபொருள், காற்று, சரியான நேரத்தில் தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றோடு, எரிவதால் உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றக் குளிர்விக்கும் நீரும் வேண்டும். இந்த நான்கில் ஒன்று தடைபட்டாலும் எஞ்சின் தடுமாறும்.

"வெயில் நேரத்தில் காற்று லேசாகிவிடுகிறது, அதனால்தான் எஞ்சின் திணறுகிறது" என்று சிலர் காரணம் சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. வெப்பம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். ஆனால் எவ்வளவு? காலையில் 24 பாகை செல்சியஸ், பிற்பகலில் 34 பாகை என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 பாகை வேறுபாட்டில் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடுதான் குறைகிறது. எஞ்சினின் திறன் சற்றுக் குறையலாம். அதைப் படகோட்டி உணர்வதுகூட அரிது. விக்கலுக்கு இது காரணமாகாது. ஆகவே காற்றை விடுவித்துவிட்டு மற்ற மூன்றையும் விசாரிப்போம்.

குழாய்க்குள் கொதிக்கும் பெட்ரோல்

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். பெட்ரோலுக்கு அப்படி ஒரே ஒரு கொதிநிலை கிடையாது. அது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் இலேசானவை சுமார் 35 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமானவை ஆவியாக 200 பாகை வரை கூட ஆகும். வெயிலில் கிடக்கும் கறுப்பு ரப்பர் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள். அந்தக் குழாய்க்குள்தான் பெட்ரோல் பயணம் செய்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சிறிய படகுகளில் எரிபொருள் பம்ப் எஞ்சினில் இருக்கும். டாங்க் சற்றுத் தள்ளி இருக்கும். பம்ப் பெட்ரோலை உறிஞ்சித்தான் கொண்டுவர வேண்டும். உறிஞ்சும் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். உயர்ந்த மலைமேல் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதிப்பது இதனால்தான். ஆக, சூடும் குறைந்த அழுத்தமும் ஒன்றுசேர, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவிக் குமிழிகளாக மாறுகிறது. பம்ப் திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. அதற்கு ஆவி வந்து சேர்ந்தால் எஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் கிடைக்காது. இதை ஆவியடைப்பு எனலாம்.

அப்படியானால் வெயில்தானே குற்றவாளி என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நல்ல நிலையில் உள்ள பம்பும் குழாயும் ஓரளவு ஆவியைச் சமாளிக்கும் வகையில்தான் வடிவமைக்கப்படுகின்றன. எஞ்சினுக்குத் தேவையானதைவிடச் சற்று அதிகமாக உறிஞ்சும் திறன் பம்புக்கு உண்டு. அது ஒரு சேமிப்பு போன்றது. பழைய குழாய், இறுகிப்போன ஓ-ரிங், பாதி அடைத்த வடிகட்டி ஆகியவை அந்தச் சேமிப்பைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடுகின்றன. காலைக் குளிர்ச்சியில் மிச்சம் இருப்பதை வைத்து எஞ்சின் ஒப்பேற்றிவிடும். நண்பகலில் வெயிலும் தன் பங்கைக் கேட்கும்போது கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. வெயிலை நாம் மாற்ற முடியாது. குழாயை மாற்ற முடியும்.

போர்ட்டிக்சன் படகு

பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்தவரான ஓர் அண்ணன் போர்ட்டிக்சனில் ஒரு சிறு ஃபைபர் படகு வைத்திருந்தார். 40 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போவார். அந்த எஞ்சின் அவரைச் சில மாதங்களாகப் பாடாய்ப்படுத்தியது. ஒரு பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். குறை தீரவில்லை. மூன்றாம் முறை, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதன் விலையைக் கேட்ட பிறகுதான் என்னை அழைத்தார்.

"காலையில ஒன்னும் இல்ல தம்பி. மணி 12 ஆச்சுன்னா விக்க ஆரம்பிச்சிடுது. சாயங்காலம் மறுபடி நல்லா ஓடுது."

"எடுத்த எடுப்பிலயே விக்குதாண்ணே? இல்ல, வேகம் கூட்டும்போதா?"

"வேகம் கூட்டினாத்தான். மெதுவாப் போனா ஒன்னும் பண்ணாது."

"டப்புன்னு நிக்குதா? இல்ல, தள்ளாடித் தள்ளாடி நிக்குதா?"

"தள்ளாடுது. கொஞ்சம் எழும்பும், மறுபடி விழும்."

இந்த மூன்று பதில்களும் பாதி வேலையை முடித்துவிட்டன. தீப்பொறி அறுந்தால் விளக்கை அணைத்ததுபோல் எஞ்சின் சட்டென்று வெட்டும். எரிபொருள் குறைந்தால் எழுந்து விழுந்து தள்ளாடும். வேகம் கூடும்போதுதான் எரிபொருள் அதிகம் தேவைப்படும். ஆக, சந்தேகம் எரிபொருள் பக்கம் சாய்ந்தது.

நண்பகலில் கடலுக்குப் போனோம். கரைக்கு அருகிலேயே, இருவரும் உயிர்காப்பு அங்கி அணிந்தபடி. எஞ்சின் விக்கத் தொடங்கியதும், குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழை நான் கையால் அழுத்தினேன். அது ஒரு கை பம்ப். சில விநாடிகளில் எஞ்சின் தெளிந்து சீறியது. அழுத்துவதை நிறுத்தியதும் மீண்டும் தள்ளாடியது. குமிழை அழுத்தினால் பெட்ரோல்தான் கூடுதலாகப் போகும், தீப்பொறி கூடாது. ஆகவே அந்த விலையுயர்ந்த மின்னணுப் பெட்டி அங்கேயே குற்றமற்றது என்று நிரூபணமாயிற்று.

அடுத்து, டாங்க் மூடியில் உள்ள காற்றுத் துவாரத் திருகைப் பார்த்தோம். அது மூடியிருந்தால், பெட்ரோல் வெளியேற வெளியேற டாங்க்கினுள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் தடைபடும். அது திறந்தே இருந்தது. டாங்க் பக்கம் அடைப்பு இருந்தால் ரப்பர் குமிழ் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிவிடும். அதுவும் நடக்கவில்லை. அடைப்பு இல்லை, ஆனாலும் பெட்ரோல் போதவில்லை என்றால், குழாய்க்குள் பெட்ரோலோடு வேறு ஏதோ வருகிறது என்று பொருள்.

கரைக்குத் திரும்பி எஞ்சினை நிறுத்தினோம். எஞ்சினுக்கு அருகில் ஒரு சாண் நீளத்திற்கு, பெட்ரோலைத் தாங்கக்கூடிய ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினோம். மறுபடி ஓட்டியபோது அதில் குமிழிகள் வரிசையாக ஓடுவதைக் கண்ணாரக் கண்டோம். குழாயின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, டாங்க்கை நிழலுக்கு நகர்த்தினோம். குமிழிகள் குறைந்தன; ஆனால் நிற்கவில்லை. இதுதான் முக்கியமான தடயம். வெப்பத்தால் உண்டான ஆவி மட்டும் என்றால் குளிர்வித்ததும் பெருமளவு அடங்கியிருக்க வேண்டும். மிச்சமிருந்த குமிழிகள் வெளியிலிருந்து நுழையும் காற்று.

பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் தே ஓ ஐஸை நாம் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவோம். ஸ்ட்ராவில் சிறு கீறல் இருந்தால் என்ன ஆகும்? தேநீர் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே வரும். உறிஞ்சும் குழாயின் ஓட்டையும் அப்படித்தான். சொட்டும் ஈரம் இருக்காது, வாசனையும் தெரியாது. அதனால்தான் பட்டறைக்காரர்களின் கண்ணில் அது படவில்லை.

அதைக் கண்டுபிடிக்க ஓட்டத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ரப்பர் குமிழ் கல்போல் இறுகும்வரை அழுத்தினேன். இப்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிட அதிகம். எஞ்சினோடு குழாயை இணைக்கும் முனையில் ஒரே ஒரு துளி பெட்ரோல் முத்துப்போல் துளிர்த்தது. முனையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த ஓ-ரிங் இறுகி வெடித்திருந்தது. குழாயும் பழையது. குழாய், குமிழ், இணைப்பு முனைகள் எல்லாம் சேர்ந்த புதிய தொகுதி ஒன்றை மாட்டினோம். டாங்க்கை இருக்கையின் நிழலில் வைத்தோம். அதே வெயில், அதே எஞ்சின். விக்கல் போய்விட்டது.

நிறுத்திவிட்டுக் கிளப்பும்போது மட்டும் விக்கினால்

சில படகுகளில் தொல்லை வேறு விதமாக வரும். தீவு வரை நன்றாக ஓடும். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளப்பினால் கிளம்பாது, கிளம்பினாலும் திணறும். எஞ்சின் ஓடும்போது குளிர்ந்த கடல்நீர் அதன் உடலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிறுத்தியதும் நீரோட்டம் நின்றுவிடும். உலோகத்தில் தேங்கிய வெப்பம் மூடிக்குள் சிறைப்பட்டு, கார்புரேட்டரில் மிச்சமுள்ள பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். இது பழுது அன்று, இயல்பு. எஞ்சின் நின்றிருக்கும்போது மேல்மூடியைத் திறந்து வைத்தால் வெப்பம் வெளியேறும். கிளப்புவதற்கு முன் குமிழை இறுகும் அளவுக்கு மட்டும் அழுத்திப் புதிய பெட்ரோலை அனுப்பலாம். சூடான எஞ்சினுக்குச் சோக் இழுக்க வேண்டியதில்லை.

பெட்ரோலை ஊசிபோல் பீய்ச்சும் புதிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களிலும் இந்தப் பிரச்சினை முற்றாக ஒழியவில்லை. அவற்றில் ஆவியைப் பிரித்தெடுக்க ஒரு சிறு தொட்டி உண்டு. அதற்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாய் வழக்கமான உறிஞ்சும் குழாய்தான். ஆகவே மேற்சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும்.

நீர்த்தாரையைப் பாருங்கள்

எஞ்சின் ஓடும்போது அதன் பக்கவாட்டிலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீய்ச்சிக்கொண்டிருக்கும். குளிர்விக்கும் நீர் உள்ளே சுற்றுகிறது என்பதற்கு அது அடையாளம். மலாக்கா நீரிணையின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 30 பாகை வெப்பத்தில் இருக்கும். குளிர்நாட்டு ஏரி நீரோடு ஒப்பிட்டால் இது வெதுவெதுப்பானது. அங்கே தேய்ந்த பம்புடனும் தப்பித்துக்கொள்ளும் எஞ்சின் இங்கே தப்பாது.

நீரை இழுப்பது இம்பெல்லர் என்னும் ரப்பர் விசிறி. அதன் இதழ்கள் நாளடைவில் இறுகி, ஒடிந்து போகும். கரையில் தண்ணீர் இல்லாமல் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டினால்கூட அது கெட்டுவிடும். ஆற்று முகத்துவாரங்களில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகள் நீர் இழுக்கும் வாயை அடைத்துக்கொள்வதும் உண்டு. கடல்நீரின் உப்பு உட்குழாய்களில் படிந்து வழியைக் குறுக்கும். நீர்த்தாரை மெலிந்தாலோ ஆவியாக வந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

எச்சரிக்கை மணி ஒலித்து, வேகம் தானாகக் குறைந்து எஞ்சின் தடுமாறினால், அது பழுது போலத் தோன்றும். ஆனால் பல எஞ்சின்கள் சூடு எல்லை மீறும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேண்டுமென்றே அவ்வாறு செய்கின்றன. அந்த நிலையில் வேகத்தைக் கூட்ட முயல்வது, காய்ச்சலில் கிடப்பவரை ஓடச் சொல்வது போன்றது.

சூட்டில் மறையும் தீப்பொறி

எரிபொருளும் நீரும் சரியாக இருந்து, எஞ்சின் சட்டென்று வெட்டுமானால் அப்போது மின்பகுதியை ஐயுறலாம். இக்னிஷன் காயில் என்பது மெல்லிய செப்புக் கம்பியைப் பல சுற்றுகள் சுற்றியது. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.4 விழுக்காடு கூடும். 30 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல். நல்ல காயில் இதைத் தாங்கும். ஆனால் கம்பியின் மேலுறையில் நுண்ணிய வெடிப்பு இருந்தால், சூட்டில் விரியும்போது மின்சாரம் குறுக்குவழியில் பாய்ந்து தீப்பொறி அற்றுப்போகும். ஆறியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும், தீப்பொறி திரும்பிவிடும்.

இதனால்தான் மாலையில் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால் ஒன்றும் தெரிவதில்லை. நோயாளிக்குக் காய்ச்சல் இருக்கும்போதுதான் வெப்பமானி வைக்க வேண்டும். எஞ்சின் விக்கும் அந்தச் சூட்டிலேயே, அதற்கென உள்ள சோதனைக் கருவியைக் கொண்டு தீப்பொறியைப் பார்க்க வேண்டும். சூட்டிலும் குளிரிலும் இரு முறை பார்த்து ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

செய்யக்கூடாதவை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். குழாயைக் கழற்றும் எந்த வேலையையும் காற்றோட்டமான இடத்தில், எஞ்சினை நிறுத்திவிட்டு, சிகரெட்டையும் தீயையும் தூர வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். தீப்பொறிச் சோதனையையும் பெட்ரோல் வேலையையும் ஒரே நேரத்தில் செய்யவே கூடாது. ஒளி ஊடுருவும் குழாய் சோதனைக்கு மட்டும். முடிந்ததும் கழற்றிவிட்டு, படகுக்கென்று தயாரிக்கப்பட்ட குழாயையே மாட்ட வேண்டும்.

சூடான எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலோகம் சட்டெனச் சுருங்கி வெடிக்கக்கூடும். காற்றுப் படட்டும் என்று மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். உள்ளே வேகமாகச் சுழலும் சக்கரம் விரலையும் முடியையும் பறித்துவிடும். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது சிலர் கையாளும் வைத்தியம். அதனால் எஞ்சின் எப்போதும் உரிய சூட்டை எட்டாமல் வேறு கோளாறுகளுக்கு ஆளாகும்.

கடலுக்குப் போகும் முன்பு

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நெடுஞ்சாலையில் கார் நின்றால் ஓரமாக ஒதுங்கி நிற்கலாம். கடலில் ஓரம் கிடையாது. மலாக்கா நீரிணை உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த நீர்வழிகளில் ஒன்று. பிற்பகல் வெயிலைத் தொடர்ந்து இடிமழை வருவதும் நம் பகுதிக்குப் புதிதன்று. எஞ்சின் விக்கத் தொடங்கும் அந்த நேரம்தான் பெரும்பாலும் வானமும் கறுக்கத் தொடங்கும் நேரம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் படகில் "போன தடவையும் இப்படித்தான் இருந்தது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு போவது ஆபத்து. தானாகச் சரியான பழுது, தானாகவே திரும்பியும் வரும்.

ஒருவேளை எஞ்சின் நின்றேவிட்டால், முதலில் அனைவரும் உயிர்காப்பு அங்கியை அணிந்துகொள்ள வேண்டும். ஆழம் குறைந்த இடமாயின் நங்கூரத்தை இறக்கினால் படகு கப்பல் வழிக்கு அடித்துச் செல்லப்படாது. கடல்வழி வானொலியின் 16ஆம் அலைவரிசை உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு உரியது. மலேசியாவில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைத்தால் 999 உண்டு. அதன் பிறகே எஞ்சினின் மூடியைத் தொட வேண்டும்.

நான் பின்பற்றும் வரிசை இதுதான்: முதலில் கேள்விகள். எப்போது விக்குகிறது, எந்த வேகத்தில், எப்படி நிற்கிறது, எது செய்தால் தெளிகிறது? அடுத்து, நீர்த்தாரை. பிறகு, டாங்க்கின் காற்றுத் துவாரம். பிறகு, ரப்பர் குமிழும் குழாயும். பிறகு, வடிகட்டியில் அழுக்கோ தண்ணீரோ இருக்கிறதா என்ற சோதனை. கடைசியில்தான் தீப்பொறி. செலவில்லாத சோதனை முன்னால், செலவு மிகுந்த மாற்றம் பின்னால். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

அந்த அண்ணனுக்கு மொத்தச் செலவு சில பத்து ரிங்கிட்தான். வெடித்த ஓ-ரிங்கைத் தம் பிள்ளைகளிடம் காட்டுவதற்காக அவர் ஒரு சிறு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். படகு வைத்திருக்கும் நண்பர்கள் அடுத்த முறை கடலுக்குப் போகும் முன் ரப்பர் குமிழை ஒரு தடவை இறுக அழுத்தி, இணைப்புகளில் ஈரம் துளிர்க்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலைதான்.